சாமானைக் குறை, சாதியை மறை

விருதுநகர் மாவட்டத்துச் சாப்பாடு என்று யார் பட்டியல் போட்டாலும் அது நாலு பண்டத்தில் முடிந்துவிடுகிறது. விருதுநகர் எண்ணெய் பரோட்டா, சாத்தூர் சேவு, சாத்தூர் வெள்ளரிக்காய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தாகிவிட்டது. சந்தோசம். ஆனால் இந்த நாலும் ரோட்டில் போகிறவன் காசு கொடுத்து வாங்கித் தின்கிற பண்டங்கள். இந்த மாவட்டத்துச் சேரிகளில் மூணு கல் அடுப்பில் எந்த மாசம் எது வெந்தது, அதை ஆக்கிப் போட்ட பொம்பளைகள் வயசான காலத்தில் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று எந்தப் பட்டியலும் கேட்பதில்லை.

நம் பத்திரிகைகளும் அதிகம் கேட்டதில்லை. குடும்பம், அடுப்படி, வயசாளிகள் என்றால் ‘பெண்கள் பக்கம்’ என்று ஒதுக்கிவிடுகிற பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. சாதி தெருவில் இருக்கிறது, டீக்கடையில் இருக்கிறது, கோயிலில் இருக்கிறது, சுடுகாட்டில் இருக்கிறது என்று எழுதுகிறோம். அது ஒரு வாடகை வீட்டின் அடுப்படிக்குள் நுழைந்து ஒரு கிழவியின் சட்டியைத் தூக்கி வெளியே வைக்கச் சொல்வதை எழுதுவதில்லை. நான் எழுதப்போவது அதைத்தான்.

முதலில் அந்த அடுப்படியைச் சொல்லிவிடுகிறேன். கரிசக்காட்டில் சமையல் என்பது வானத்தைப் பார்த்து நடக்கிற காரியம். அய்ப்பசியில் மழை விழுந்ததும் காட்டில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் முளைத்துவிடும். களையெடுக்கப் போன பொம்பளைகள் மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்தக் கீரைக்குக் காசு கிடையாது. கூடவே அதலக்காய் வரும். இந்தப் பக்கத்துக் கரிசலில் தானாகப் படர்ந்து காய்க்கிற கசப்புக்காய் அது. பறித்த சூட்டோடு சமைத்துவிட வேண்டும். வைத்திருந்தால் வெடித்துவிடும். இரண்டு முனையும் கிள்ளிப்போட்டு வெங்காயத்தோடு வதக்கினால் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அதுபோல ஒன்று கிடையாது. மழை விட்ட ராத்திரிகளில் விளக்கு வைத்து ஈசல் பிடிப்போம். இறக்கையைச் சொளகில் புடைத்துத் தள்ளிவிட்டு அரிசியோடு வறுத்துத் தின்போம். மார்கழி, தையில் குதிரைவாலியும் கம்பும் வீட்டுக்கு வரும். மொச்சை, தட்டாம்பயறு வரும். பனங்கிழங்கு வரும். பங்குனியில் மாரியம்மன் பொங்கல், ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி, அன்றைக்கு ஆட்டுக்கறி.

சித்திரை, வைகாசி வெயில் சேமிப்புக்கான காலம். மிதுக்கங்காய் வத்தல், மோர் மிளகாய், கருவாடு. எல்லாவற்றுக்கும் மேலே உப்புக்கண்டம். மாட்டுக்கறியை நீளநீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் சரமாகக் கோத்து, முற்றத்தில் இரண்டு கம்பை நட்டுக் கட்டிவிடுவார்கள். நாலைந்து வெயில் காய்ந்தால் கட்டை மாதிரி ஆகிவிடும். பானையில் போட்டு வேடுகட்டி வைத்தால் மழைக்காலம் வரைக்கும் இருக்கும். தணலில் சுட்டுத் தட்டினால் கூழுக்கு ஆகும். கத்தரிக்காயோடு குழம்பு வைத்தால் ஒரு வீட்டுக்கே ஆகும்.

இதையெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. 2023-ஐ அய்க்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. குதிரைவாலியை இன்றைக்குப் பாக்கெட்டில் போட்டு, சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று எழுதி விற்கிறார்கள். எங்கம்மாவுக்கு அது மருந்து அல்ல, பண்ணையார் களத்தில் அளந்து போட்ட கூலி. மரக்காலைக் குறைத்து அளந்த கூலி. அந்த உமியை நீக்கித் தவசத்தைச் சோறாக்க ஒரு பொம்பளை திருகையிலும் உரலிலும் எத்தனை நாழி நிற்க வேண்டும் என்று பாக்கெட்டில் போட்டிருக்காது. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். 2008-இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011 ஜூனிலிருந்து விலையில்லாமலே வந்தது. அதை எவனாவது ‘இலவசம் கொடுத்துச் சோம்பேறியாக்கிட்டான்’ என்று பேசினால் எங்கம்மாவுக்குக் கோபம் வரும். “தெனம் நெல்லுச்சோறு திங்க எவன் வீட்டு வாசல்லயும் நிக்க வேண்டாம்னு ஆச்சுல்ல தாயி, அது போதும்” என்று சொல்லும்.

மாட்டுக்கறியிலும் இந்தத் தெளிவு வேண்டும். 1927-இல் மகாத் மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் நம் மக்களைப் பார்த்துச் செத்த மாட்டுக் கறியை விடுங்கள், மற்றவன் போடுகிற எச்சிலை விடுங்கள் என்றார். அதே அம்பேத்கர் 1948-இல் தீண்டப்படாதவர்கள் யார் என்று ஆராய்ந்து எழுதியபோது, மற்றவர்கள் மாட்டுக்கறியை விட்ட பிறகும் விடாமல் தின்றவர்கள் என்பதை வைத்துத்தான் தீண்டாமை சுமத்தப்பட்டது என்று காட்டினார். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. ஊரார் தள்ளிவிட்ட செத்த மாட்டை இழுத்துப் போய்த் தின்பது அடிமை வேலையின் கூலி. அதை நம் பெரியவர்கள் சண்டை போட்டு விட்டார்கள். சந்தையில் காசு கொடுத்து நல்ல கறி வாங்கித் தின்பது நம் இஷ்டம். இந்த வித்தியாசம் நமக்குள்ளேயே பலருக்குத் தெரியவில்லை. ‘நாங்க அதை விட்டு ரெண்டு தலைமுறை ஆச்சு’ என்று சொல்லி அடுத்த சேரியைவிட ஒரு படி மேலே ஏறி நின்றுகொள்கிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள்.

அந்த வானத்துக் காலண்டருக்கு மேலே இன்னொரு காலண்டர் வந்து உட்கார்ந்தது. அது பட்டாசு ஆபீஸ் காலண்டர். தீபாவளி ஆரியப் பண்டிகை என்று மேடையில் பேசுகிறோம், சரிதான். ஆனால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் நம் சனங்களின் உலை கொதிப்பதும் அணைவதும் அந்தப் பண்டிகையை வைத்துத்தான். ஆடியிலிருந்து புரட்டாசி வரை ஓயாத வேலை. தீபாவளிக்கு போனஸ். பண்டிகை முடிந்ததும் ஆபீஸ் கதவைச் சாத்திவிடுவான். அப்புறம் மழை. வெடி காய வெயில் வேண்டும், வெயில் இல்லாத நாளில் வேலை இல்லை, வேலை இல்லாத நாளில் கூலி இல்லை. தையில் வெயில் தெளிந்த பிறகுதான் வேலை சூடுபிடிக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் வேலையும் இருக்கும், சாவும் இருக்கும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியையும் 2021 பிப்ரவரி 12 அச்சன்குளத்தையும் இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அப்படி மகனோ மகளோ கருகிப்போன வீடுகளில், இனி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று இருந்த கிழவிதான் மறுபடி எழுந்து பேரப்பிள்ளைகளுக்கு அடுப்புப் பற்ற வைக்கிறாள்.

இந்த இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆபீஸ் மூடிக்கிடக்கிற அய்ப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் காட்டில் கீரையும் அதலக்காயும் கிடைக்கிறது. சித்திரை வெயிலில் காய்ந்த உப்புக்கண்டம் அந்த மாசங்களுக்குத்தான் பானையில் உட்கார்ந்திருக்கிறது. எங்கம்மா பகலெல்லாம் ஆபீஸில் சரம் பின்னும், வீட்டுக்கு வந்து கறியைச் சரம் கோக்கும். முதலாளி வேலை கொடுக்காத மாசங்களுக்கான காப்பீடு அந்தப் பானை. அரசாங்கமும் கம்பெனியும் கொடுக்காத காப்பீட்டைப் படிக்காத பொம்பளைகள் தங்கள் வீட்டு முற்றத்தில் உண்டாக்கி வைத்திருந்தார்கள்.

2018-இல் இது நேராகவே தெரிந்தது. அந்த வருசம் அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு சேர்க்கக் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் என்று தீர்ப்புச் சொன்னது. பேரியம் நைட்ரேட்டைத்தான் நம்மாட்கள் பச்சை உப்பு என்பார்கள். தீபாவளி முடிந்து மூடின ஆபீஸ்களை முதலாளிகள் மாதக்கணக்கில் திறக்கவே இல்லை. எங்கள் காலனியில் முற்றமும் பானையும் இருந்த வீடுகள் ரேஷன் அரிசியையும் கீரையையும் கண்டத்தையும் வைத்து ஓட்டின. டவுனில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்த நம்மாட்கள் வாரத்தவணைக் கடன் வாங்கினார்கள். அந்தத் தவணை கட்டி முடிவதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிட்டது.

சரி, இப்போது விசயத்துக்கு வருகிறேன். அந்த முற்றத்துப் பொம்பளைகளுக்கு இன்றைக்கு எழுபது, எண்பது வயசு. மூட்டு தேய்ந்துவிட்டது, நெஞ்சில் சளி கட்டுகிறது. 2023-இல் 1200 ரூபாயாக உயர்த்திய முதியோர் உதவித்தொகையில் தனியாக ஒருத்தி பிழைக்க முடியாது. பிள்ளைகள் சிவகாசி, விருதுநகர் டவுனில் வாடகைக்கு இருக்கிறார்கள். ‘எங்ககூட வந்துரும்மா’ என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவது பாசம்தான். கூடவே ஒரு வார்த்தை சேர்ந்து வருகிறது: ‘சாமானைக் கொறச்சுட்டு வா.’

எங்கம்மா போன வருசம் அப்படித்தான் தம்பி வீட்டுக்குப் போனது. காலனி வீட்டைக் காலி செய்ய நாலு நாள் ஆச்சு. குலுக்கையை நகர்த்த முடியாது, இடித்துத்தான் எடுக்க வேண்டும், இடித்தோம். உரலைத் தெருவில் உருட்டிவிட்டோம். திருகையைக் கேட்டு வாங்க ஆளில்லை. ஈயப் பாத்திரங்களைப் பழைய இரும்புக்காரன் எடைபோட்டு எடுத்துக்கொண்டான். பணக்காரன் பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்குப் போகும்போது எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று யோசிக்கிறான். நம் வீடு எப்போதும் சின்ன வீடுதான். தொகுப்பு வீடு என்று கட்டிக் கொடுத்தார்களே, அதில் கால் நீட்டிப் படுத்தால் அடுப்பு இடிக்கும். அந்த வீட்டில் குறைப்பதற்கு என்ன இருந்தது?

இருந்தது. கடைசியில் அம்மா மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தது மூணு சாமான்: கறி ஆக்குகிற கருத்த மண்சட்டி, கண்டம் போட்டு வைக்கிற பானை, அம்மிக் குழவி. தம்பி குழவிக்குச் சரியென்றான். சட்டியும் பானையும் வேண்டாம் என்றான். இடமில்லை என்று முதலில் சொன்னான். அம்மா ‘கட்டிலுக்கடியில வச்சுக்கிறேன்’ என்றதும் நிஜக் காரணம் வெளியே வந்தது. “அந்த வாசம் வந்துச்சுன்னா வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிருவாரும்மா. நாம யாருன்னு அங்க சொல்லல.”

தம்பியை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அந்த வீட்டைப் பிடிக்க அவன் எத்தனை தெரு அலைந்தான் என்று எனக்குத் தெரியும். நம் பக்கம் வாடகைக்கு வீடு கேட்டால் முதலில் ஊர் பேரைக் கேட்பார்கள். ஊர் பேரில் தெரியவில்லை என்றால் தெருப் பேர். தெருவிலும் பிடிபடவில்லை என்றால் வாய்விட்டே, ‘நீங்க என்ன ஆளுக?’ அவன் பஸ் ஸ்டாப் பேரைச் சொல்லி, ஆபீஸ் பேரைச் சொல்லி, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் வழுக்கி வழுக்கித்தான் சாவியை வாங்கினான். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அந்தத் தெருவில் இருக்கிறது. அவனுக்குப் பயம். இப்போது அந்த வீட்டில் அவன் சாதியைக் காட்டிக்கொடுக்கக்கூடியது இரண்டே இரண்டு: அம்மாவின் சட்டி, அம்மாவின் பேச்சு. சட்டியைக் காலனியில் விட்டுவரச் சொன்னான். பேச்சை, வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வரும்போது குறைத்துக்கொள்ளச் சொன்னான். சாமானைக் குறை என்பதற்கு இதுதான் அர்த்தம். குறைக்கச் சொல்வது சாமானை இல்லை, அம்மாவையே.

அம்மா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டது: “எய்யா, நான் செத்த பெறகு எனக்குப் படையல் போடுவியே, அப்ப எலைல என்னத்தடா வைப்ப? எனக்குப் பிடிச்சத வைக்க அந்த வீட்ல விடுவாங்களா?” தம்பியிடம் பதில் இல்லை. நம்மில் யாரிடம் இருக்கிறது?

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். இது சைவ, அசைவப் பிரச்சினை இல்லை. அக்கிரகாரத்தில் வீடு கேட்டுப் போன கதையும் இல்லை. இந்த ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாசம் தெருவே மணக்கும். கோழி மணக்கும், கருவாடு மணக்கும். எண்ணெய் பரோட்டாவுக்குச் சுக்கா தொட்டுத் தின்கிற வீட்டுக்காரருக்கு மாட்டுக்கறி மட்டும் நாறுகிறது என்றால், நாறுவது கறி இல்லை, அதைத் தின்கிற ஆள்தான். இதே சிவகாசியில் 1899-இல், கோயிலுக்குள் போகும் உரிமை கேட்டதற்காக நாடார் மக்கள் வீடு வீடாகத் தாக்கப்பட்டார்கள், கொள்ளையடிக்கப்பட்டார்கள். அடிபட்ட சாதி அந்த நினைவை வைத்துக்கொண்டு தனக்குக் கீழே இருப்பவனைத் தூக்கிவிடும் என்று எதிர்பார்ப்பது நம் ஏமாளித்தனம். சாதி அப்படி வேலை செய்வதில்லை. ஒவ்வொருவனுக்கும் கீழே ஒருவனைக் கொடுத்துத்தான் அது நிற்கிறது.

1997-ஐ நினைத்துப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் தொடங்க இருந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்கே ஆதிக்க சாதியினர் கலவரம் செய்தார்கள். கடைசியில் அரசாங்கம் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அந்த வருசம்தான். நம்மவன் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற முடியாது என்றவர்களின் ஊரில், நம்மவள் கொதிக்க வைத்த சட்டி மாடியேற முடியுமா?

இனி நம் ஆட்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். 2017 மே மாதம் மத்திய அரசு சந்தையில் மாட்டை அறுப்புக்கு விற்கக் கூடாது என்று விதி போட்டபோது தமிழ்நாடெங்கும் கூட்டம் போட்டோம். மாட்டுக்கறி விருந்து வைத்தோம். அது தேவைதான், எதிர்க் கலாச்சாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பந்தலில் நின்று ‘என் உணவு என் உரிமை’ என்று முழங்கிய தோழர்களில் எத்தனை பேர் அன்று ராத்திரி வாடகை வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கையை மோந்து பார்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போனார்கள்? மேடையில் உரிமையாக இருப்பது வீட்டில் ரகசியமாக இருக்கிறது. அந்த ரகசியத்தைக் காப்பாற்றுகிற வேலை பொம்பளைகள் தலையில். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைப்பது, தாளிப்பை அதிகமாக்கி வாசத்தை அமுக்குவது, எலும்பைப் பொட்டலம் கட்டி அடுத்த தெருக் குப்பையில் போடுவது, பிள்ளைகளிடம் ‘ஸ்கூல்ல ஆட்டுக்கறின்னு சொல்லு’ என்று சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவள்தான். விருந்துப் பந்தலிலும் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரிசைப்படுத்திய முதல் குற்றமே வாயைப் பற்றியது: தின்னத் தகாததை நம் வாயில் திணிப்பது குற்றம். நல்லது. ஆனால் தின்னக் கூடியதை நம் வாயிலிருந்து பிடுங்கினால்? வாடகை ஒப்பந்தத்தில் எவனும் ‘இந்தச் சாதிக்கு வீடு இல்லை’ என்று எழுதுவதில்லை. வாயால் கேட்டு, வாயால் இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். எழுத்தில் இல்லாத தீண்டாமைக்கு வழக்குப் போடுவது கஷ்டம். கஷ்டம் என்பதற்காக விட்டுவிடவும் முடியாது. 2015 திருத்தத்தில் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சாதி தெரிந்ததும் வீடு தர மறுப்பது அதில் வருமா என்று ஒரு வழக்காவது போட்டுப் பார்க்க நம் வழக்கறிஞர்கள் முன்வர வேண்டும்.

வழக்கு நடக்கிறபோது நடக்கட்டும். அதற்கு முன்னால் நாமே செய்யக் கூடியவை இருக்கின்றன. காலனி வீட்டை விட்டு வயசாளிகளைக் கூட்டிப் போகிறவர்கள் அந்த வீட்டை விற்காதீர்கள், பூட்டியாவது வையுங்கள். அந்த முற்றத்தில் சித்திரை வெயில் யாருக்கும் வாடகை கேட்காமல் விழுகிறது. டவுனில் இருக்கிற நாலு குடும்பம் சேர்ந்து வருசத்துக்கு ஒரு வாரம் அங்கே வந்து கண்டம் போடலாம், வத்தல் போடலாம். அடுத்த மழைக்கால வேலையில்லா மாசங்களுக்கு ஆகும். வீட்டுமனை கேட்டுப் போராடும்போது சுவரையும் கூரையையும் மட்டும் கேட்காமல் முற்றத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கிழவிகளுக்குத் தெரிந்த சமையலைப் பிள்ளைகள் கேட்டு எழுதி வையுங்கள். அதைப் பொம்பளைப் பிள்ளைகள் மட்டும் கற்றுக்கொள்வது என்று மறுபடி அவர்கள் தலையில் கட்டாதீர்கள். ஆம்பிளைகள் அரைக்கட்டும், ஆக்கட்டும். உரிமை என்று பேசியவன் கையில் அந்த வாசம் ஏறட்டும்.

எங்கம்மாவின் சட்டியும் பானையும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. எனக்கும் வாடகை வீடுதான், வீட்டுக்காரருக்கு என் சாதி தெரியும், சொல்லித்தான் குடிவந்தேன். அதற்காக ஒன்பது வீடு இல்லை என்று கேட்டுவிட்டுப் பத்தாவது வீட்டில் இருக்கிறேன், வாடகையும் கூடுதல். இதை வீரம் என்று சொல்லவில்லை. எல்லோராலும் ஒன்பது வீடு அலைய முடியாது. தனித்தனியாக அலைய வேண்டிய நிலையில் நம் சனங்களை விட்டுவிட்டு நாம் என்ன இயக்கம் நடத்துகிறோம் என்பதுதான் என் கேள்வி. டவுனில் எந்தெந்தத் தெருவில் சாதி கேட்டு வீடு மறுக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பை எந்த அமைப்பாவது இந்த வருசம் தொடங்கட்டும், நான் நோட்டும் பேனாவுமாக வந்து நிற்கிறேன். அடுத்த மாட்டுக்கறி விருந்துக்கு நோட்டீஸ் அடிக்கிற தோழர்கள், பேசப்போகிறவர்கள் பெயரோடு சமைக்கப்போகிறவர்கள் பெயரையும் ஒரு வரி அடியுங்கள். அந்த வரியில் ஆம்பிளைகள் பெயர் இருக்கட்டும். கிழவிகளை முன்வரிசையில் உட்கார வைத்து முதல் இலையை அவர்களுக்குப் போடுங்கள்.